கவிஞர் வாழ்ந்த கடலோர வீட்டைப் பார்த்தால் எழுத ஊக்கம் கிடைக்குமா?

கவிஞர்கள் வாழ்ந்த இடங்களுக்குப் போய், இயற்கையின் நடுவே சில நாட்கள் தங்கினால் மறுபடியும் எழுத வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் தொனியைப் பார்த்தால், எழுதிக்கொண்டிருந்து இடையில் நின்றுபோனவர் என்றும், விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எந்தக் கடற்கரைக்குப் போகலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்றும் ஊகிக்கிறேன், தவறானால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் பொதுப்பணித்துறையில் 32 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளன். அதைவிட நீண்ட காலமாகக் கவிதை என்று நம்பிச் சிலவற்றை எழுதி வருகிறேன். இவனுக்கு இதில் என்ன தகுதி என்று கேட்பவர்கள் வருவார்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கேள்வி என்னைத் தைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்பு நடத்திய கடற்கரைக் கவிதைப் பட்டறைக்கு 3,500 ரூபாய் கட்டிப் போனேன். எங்களை மணலில் உட்கார வைத்து, இரண்டு மணி நேரம் பேசாமல் கடலை உள்வாங்கச் சொன்னார்கள். மாலையில் வாசித்த கவிதைகளில் பாதிக்கு மேல் அலைகள் கரையை முத்தமிட்டன. என் கவிதையிலும் முத்தமிட்டன என்பதை மறைக்க விரும்பவில்லை. பிற்பகல் தேநீருக்குத் தனியாகப் பணம் வாங்கினார்கள் என்பது வேறு விஷயம்.

சென்ற ஆண்டு கலிஃபோர்னியாவில் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, ஒரு சனிக்கிழமை எங்களைக் கார்மல் என்னும் கடற்கரைச் சிற்றூருக்கு அழைத்துச் சென்றான். ராபின்சன் ஜெஃபர்ஸ் என்ற கவிஞர் வாழ்ந்த டார் ஹவுஸ் என்னும் கல்வீடும், அதையொட்டி ஹாக் டவர் என்னும் கோபுரமும் அங்கே இருக்கின்றன. முன்பதிவு செய்தவர்களைச் சிறு குழுவாக அழைத்துப்போய்க் காட்டுகிறார்கள். சிறு குழந்தைகளை உள்ளே விடுவதில்லை என்பதால் பேத்தியோடு மகனும் மருமகளும் கடற்கரைக்குப் போய்விட்டார்கள். என் மனைவியோ, "கல்லைப் பார்க்க உங்களுக்குத்தானே ஆசை, நீங்களே போய்விட்டு வாருங்கள்" என்று சொல்லிவிட்டு அவர்களோடு நடந்துவிட்டார்.

ஜெஃபர்ஸும் மனைவி யூனாவும் 1914-இல் கார்மலுக்கு வந்தவர்கள். இங்கிலாந்துக்குப் போகவிருந்த பயணம் முதல் உலகப் போரால் நின்றுபோனதால் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். 1919-இல் வீடு கட்ட ஆள் அமர்த்தியபோது, தம் வீட்டு வேலையிலேயே சித்தாளாகச் சேர்ந்து கல் அடுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டார் கவிஞர். வீடு முடிந்ததும், 1920 தொடங்கி நான்கைந்து ஆண்டுகள், ஏறத்தாழ 40 அடி உயரக் கோபுரத்தைத் தனியாளாகக் கட்டினார். கீழே கடலோரத்தில் கிடந்த கருங்கற்களைப் பலகைமேல் உருட்டி ஏற்றி, உயரம் கூடியபின் கப்பியும் கயிறும் கொண்டு தூக்கி வைத்திருக்கிறார். காலையில் மாடியறையில் எழுத்து, பிற்பகலில் கல்வேலை. இடையில் 2,000 மரங்கள் வரை நட்டும் இருக்கிறார். அவற்றில் சைப்ரஸோடு நம் நீலகிரிக்காரர்களுக்குப் பழக்கமான ஆஸ்திரேலியத் தைல மரமும் உண்டு.

தாழ்ந்த கூரையும் சிறிய அறைகளும் கொண்ட அந்த வீட்டுக்கு 1949 வரை மின்சாரம் கிடையாது. கடலைப் பார்த்த சன்னலோரத்தில் ஒரு கட்டில் கிடக்கிறது. தாம் சாக விரும்பும் இடம் என்று இளமையிலேயே குறித்து வைத்து, 1962-இல் அதிலேயே இறந்தார். உடன் வந்தவர்கள் அந்தச் சன்னல் வழியே கடலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தபோது நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உடைத்த கல்லுக்கு முகம், அதாவது தட்டையான பக்கம், இருக்கும். கடல் தேய்த்த உருண்டைக் கல்லுக்கு முகத்தைத் தேடித்தான் வைக்க வேண்டும், வைத்தாலும் அது உருளத்தான் பார்க்கும். கோபுரத்தின் அடி வரிசைகளுக்கும் மேல் வரிசைகளுக்கும் உள்ள வேறுபாட்டில், ஒரு மனிதன் ஆண்டுக்கணக்கில் வேலை பழகிய விதம் எனக்குத் தெரிந்தது. பிரமிடிலிருந்தும் சீனப் பெருஞ்சுவரிலிருந்தும் வந்த துண்டுகளைப் பதித்திருப்பதாக வழிகாட்டியம்மாள் பெருமையாகக் காட்டினார். எனக்கு அவற்றைவிட, இரண்டு பெரிய கற்களுக்கு நடுவே செருகியிருந்த ஒரு சில்லுதான் முக்கியமாகப் பட்டது.

இப்போது ஆண்டுகளைக் கவனியுங்கள். 1912-இலும் 1916-இலும் வந்த அவருடைய முதல் இரண்டு தொகுப்புகளையும் பெரிதாக யாரும் பொருட்படுத்தவில்லை. பெயர் வாங்கித் தந்த தொகுப்பு 1924-இல், சொந்தக் காசில் அச்சிட்டு வந்தது. கோபுர வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. 1914 முதலே அதே பசிபிக் கடலை, அதே பாறைகளை, அதே பருந்துகளை அவர் நாள்தோறும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கொத்தனார்களோடு சேர்ந்து கல்லைப் புரட்டியபோது அந்தக் கல்லோடு தமக்குள்ள ஓர் உறவையும், அதுவரை அறியாத தம் வலிமையையும் அவர் உணர்ந்திருக்க வேண்டும் என்று யூனா பின்னாளில் எழுதியிருக்கிறார். இரண்டு காரியங்கள் ஒரே காலத்தில் நடந்ததால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது என்பது எனக்கும் தெரியும். பக்கத்திலிருந்து பார்த்தவர் சொன்னதால் நம்புகிறேன், அவ்வளவுதான். ஜெஃபர்ஸின் கருத்துகளை எல்லாம் ஏற்றுக்கொண்டவன் என்றும் நினைக்க வேண்டாம். மனிதனை ஓரமாக நிறுத்திவிட்டு மலையையும் கடலையும் பெரிதாகக் கண்டவர் அவர். போரைப் பற்றி எழுதியவற்றுக்காக, 1948-இல் அவருடைய பதிப்பகமே தனக்கு உடன்பாடில்லை என்ற குறிப்போடுதான் நூலை வெளியிட்டது.

முழங்கால் வலி காரணமாக, கோபுரத்தின் உள்ளே இருந்த குறுகிய படிகளை விட்டு வெளிப்படிகள் வழியே மெதுவாக ஏறினேன். மேலே நின்றபோது பசிபிக் கடலைப் பற்றி எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. நினைவுக்கு வந்தது குமரி மாவட்டக் கடலோரம். குளச்சலுக்கு மேற்கே, கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளுக்கும் கடலரிப்புத் தடுப்புச் சுவர்களுக்கும் கல் போட்ட ஆண்டுகளில், லாரி லாரியாக வந்த கல்லை எண்ணி, அளந்து, அளவுப் புத்தகத்தில் எழுதியவன் நான். காற்றில்லாத நாளிலும் திடீரென்று ஏறி வரும் கடலை அங்கே கள்ளக்கடல் என்பார்கள். அப்படி ஒரு முறை ஏறி இறங்கியபின் போய்ப் பார்த்தால், முந்தைய வாரம் போட்ட கல் மணலுக்குள் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் மறுபடியும் போட வேண்டும். மீனவப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் நின்றுகொண்டு, "சாரே, இந்தக் கல்லாவது நிக்குமா?" என்று கேட்பார்கள். அந்த ஆண்டுகளில் எல்லாம் இரவில் அறைக்குத் திரும்பி நிலவையும் குயிலையும் பற்றித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கல்லும் கடலும் அலுவலகத்தோடு முடிந்துவிடும் விஷயங்கள் என்று எண்ணியிருந்தேன்.

அன்றிரவு மகன் வீட்டில் உட்கார்ந்து 11 வரிகள் எழுதினேன். நாள், லாரி எண், கல்லின் அளவு, இறக்கிய இடம் என்று அளவுப் புத்தகத்தில் எழுதுவதைப் போலவே தொடங்கி, கடைசியில் அந்தக் கல் மணலுக்குள் போய்விடுகிறது. மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். என் கவிதைகளைக் கேட்டுக் கொட்டாவி விடுவதே அவர் வழக்கம், அன்று, "அந்தத் திண்ணைக்காரியை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று கேட்டார். அதன்பின் அது 14 வரியாயிற்று.

ஆகவே போய் வாருங்கள். டார் ஹவுஸ் தூரம் என்றால், புதுச்சேரியில் பாரதியார் வாழ்ந்த வீடு நினைவகமாக இருக்கிறது, கடலும் பக்கத்தில்தான். ஆனால் இத்தனை ஆண்டுகளாக நீங்கள் என்ன வேலை செய்து வருகிறீர்கள் என்பதைக் கேள்வியில் எங்கும் எழுதவில்லையே?