மட்டக்களப்பில் இருந்துகொண்டு பூமியதிர்ச்சிப் பொறியியல் படிப்பது பற்றி

தம்பி, ஒலுவிலில் குடிசார் பொறியியல் முடித்த நீங்கள், பெரிய பூமியதிர்ச்சி வராத மட்டக்களப்பில் அதைத் தாங்கும் கட்டிட வடிவமைப்பைச் சிறப்பாகக் கற்பது வீணாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணாகாது, ஆனால் இங்கே அந்தப் பெயரில் தனி வேலையை எதிர்பார்க்க வேண்டாம். இலங்கை இந்தியப் புவித்தட்டின் விளிம்புகளுக்குத் தொலைவில் இருப்பதால், நம் கரையில் பெரும்பாலும் முதலில் கணக்கிடப்படும் பக்கவிசை (கட்டிடத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை) காற்றுதான் (1978 சூறாவளியைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை).

காற்றுக்கு வடிவமைக்கும்போது கட்டிடம் சேதமின்றி நிற்க வேண்டும் என்று கணக்கிடுகிறோம். கடும் அதிர்ச்சிக்கோ, அது வளைந்து, விரிசல் விட்டுச் சேதமடைந்தாலும் இடிந்து விழாமல், உள்ளே இருப்பவர்கள் வெளியேறும்வரை நிற்க வேண்டும் என்று கணக்கிடுகிறோம். தூண்கள் நெகிழும் முன் வளைகளே (தூண்களை இணைக்கும் கிடை உத்திரங்கள்) நெகிழ வேண்டும் என்ற விதியும், தூணைச் சுற்றும் வளையக் கம்பியின் கொக்கியை 135 பாகையில் உள்நோக்கி மடிக்கும் விதியும் இதிலிருந்தே பிறந்தவை. இந்தச் சிந்தனை முறையைப் பழக பூமியதிர்ச்சி வடிவமைப்புக்கான ஐரோப்பிய விதிக்கோவையான யூரோகோட் 8ஐ இப்போதே வாசியுங்கள்.

முதுநிலைக்கு இந்தியாவின் ரூர்க்கி ஐ.ஐ.டி.யில் இதற்கெனத் தனித்துறை உண்டு. நியூசிலாந்தின் கன்ரபரி பல்கலைக்கழகமும் நல்ல தெரிவு. ஆயினும் முதலில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் சாதாரணப் பாடசாலை, வைத்தியசாலைக் கட்டிடங்களை வடிவமைத்து, கம்பி கட்டும் இடத்திலும் நின்று பழகிய பின் விண்ணப்பிப்பதையே நான் விரும்புவேன்.