ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்ட் ஏன் நடுவில் குழம்புகிறது? சில கேள்விகள், பதில்கள்

விண்டோஸில் தினமும் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளை, விசைகளையும் கிளிக்குகளையும் நமக்காக அழுத்தும் ஆட்டோஹாட்கீ நிரலிடம் ஒப்படைத்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. பெரும்பாலானவை "நேற்று ஓடியது, இன்று ஓடவில்லை" என்ற ரகம். பலவற்றுக்கும் காரணம் ஒன்றுதான்: ஸ்கிரிப்ட் (அந்த நிரலுக்கு நாம் எழுதும் கட்டளைப் பட்டியல்) எதிரே என்ன இருக்கிறது என்று பார்க்காமலே விசைகளை அழுத்திக்கொண்டு போகிறது. அதனால் முதல் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சார், கணக்கு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். எக்செல்லில் இருக்கும் பெயர், தொகை, தேதியை ஒவ்வொரு வரியாக எடுத்து பில்லிங் மென்பொருளில் போடுகிற ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு படிக்கும் நடுவில் ஸ்லீப் 500, அதாவது அரை நொடி இடைவெளி, வைத்திருக்கிறேன். காலையில் அருமையாக ஓடுகிறது. மதியம் சர்வர் மெதுவானதும் பெயர் போய் தொகைக் கட்டத்தில் விழுகிறது. ஸ்லீப்பை 2000 ஆக்கினால் சரியாகுமா?

ஆகாது. இன்றைக்குச் சரியானதுபோல் தெரியும், மாதக் கடைசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் சர்வரைப் பிடிக்கும்போது மறுபடி உடையும். மற்ற நாட்களில் ஒவ்வொரு வரிக்கும் வீணாகக் காத்திருப்பீர்கள். ஸ்லீப் என்பது "இவ்வளவு நேரத்தில் திறந்திருக்கும்" என்ற ஊகம், அவ்வளவுதான். உங்களுக்கு வேண்டியது "திறந்துவிட்டது" என்ற உறுதி.

அதற்குத்தான், ஜன்னல் முன்னால் வரும்வரை காத்திருக்கும் வின்வெயிட்ஆக்டிவ் கட்டளை இருக்கிறது. ஜன்னலின் தலைப்பைக் கொடுத்து, காலவரம்பாக 10 என்று போடுங்கள். இங்கே கணக்கு நொடியில், ஸ்லீப்பில்தான் மில்லிநொடி. ஜன்னல் 200 மில்லிநொடியில் வந்தால் அடுத்த வரி உடனே ஓடும், 8 நொடி ஆனாலும் பொறுமையாக நிற்கும். 10 நொடியிலும் வரவில்லையென்றால் ஆட்டோஹாட்கீயின் பதிப்பு 2இல் அது 0 திருப்பித் தரும். அந்த 0வைக் கட்டாயம் சோதியுங்கள். நிறைய பேர் வின்வெயிட்ஆக்டிவ் போட்டுவிட்டு, அது தோற்றதா என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். அப்படியானால் அதுவும் ஒரு பெரிய ஸ்லீப்தான். 0 வந்தால் எந்த வரியில் நின்றது என்று ஒரு செய்திப் பெட்டி காட்டிவிட்டு, ரிட்டர்ன் போட்டு அங்கேயே நிறுத்திவிடுங்கள். பணக் கணக்கில் பாதியில் நிற்கிற ஸ்கிரிப்டைச் சமாளித்துவிடலாம், தவறான கட்டத்தில் எழுதிக்கொண்டே போகிற ஸ்கிரிப்ட்தான் ஆபத்து.

அடுத்து, சேமிப்பதற்கு முன் எழுதியதைத் திரும்பப் படியுங்கள். பழைய பாணி விண்டோஸ் மென்பொருளாக இருந்தால் கன்ட்ரோல்கெட்டெக்ஸ்ட் அந்தக் கட்டத்தில் இருப்பதை எடுத்துத் தரும். இல்லையென்றால் கட்டத்தை முழுதாகத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, நீங்கள் அனுப்பிய மதிப்போடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் வேண்டாம், தொகைக்கு மட்டும் செய்தாலே பெரிய விபத்து தப்பும்.

இன்னொன்று. எக்செல் ஜன்னலுக்குத் தாவி, கன்ட்ரோல் சி அடித்து, திரும்பத் தாவி வருகிற வேலையே தேவையில்லை. காம்ஆப்ஜ்ஆக்டிவ் கட்டளைக்கு எக்செல்.அப்ளிகேஷன் என்ற பெயரைக் கொடுத்தால், திறந்திருக்கும் எக்செல்லோடு ஸ்கிரிப்ட் நேரடியாகப் பேசும். செல்லின் மதிப்பைத் திரையைத் தொடாமலே படிக்கலாம், முடிந்த வரிக்குப் பக்கத்தில் "முடிந்தது" என்று எழுதியும் வைக்கலாம். நடுவில் நின்றால் விட்ட இடத்திலிருந்து தொடர அந்தக் குறிப்பு உதவும். ஒரு எச்சரிக்கை: யாராவது ஒரு செல்லுக்குள் கர்சரை வைத்துத் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் எக்செல் வெளியிலிருந்து வரும் கட்டளைகளை மறுத்துவிடும். ஓட்டுவதற்கு முன் ஒரு எஸ்கேப்.

அப்புறம், இத்தனையும் செய்வதற்கு முன் உங்கள் பில்லிங் மென்பொருளில் எக்செல் இறக்குமதி வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த ஸ்கிரிப்டே வேண்டாம்.

கேள்வி: அண்ணா, நகலெடுத்து ஒட்டும்போது சில சமயம் முந்தைய வரியே மறுபடி ஒட்டுகிறது. தினமும் இல்லை, எப்போதாவது.

எப்போதாவது வருகிற பிழை என்றாலே நேரப் பிரச்சினை என்று சந்தேகப்படுங்கள். கன்ட்ரோல் சி அனுப்பிய உடனே கிளிப்போர்டு நிறைந்துவிடாது, அந்த மென்பொருள் தன் வேகத்தில்தான் நிரப்பும். அதற்குள் நீங்கள் படித்தால் பழையது கிடைக்கும். முதலில் ஏ_கிளிப்போர்டை (கிளிப்போர்டில் இருப்பதை வைத்திருக்கும் மாறி) வெற்றாக்குங்கள். பிறகு கன்ட்ரோல் சி, பிறகு கிளிப்வெயிட் 1, அதாவது கிளிப்போர்டு நிறைய ஒரு நொடி வரை காத்திரு. வெற்றாக்காமல் கிளிப்வெயிட் போடுவதில் பயனில்லை, ஏற்கெனவே ஏதோ இருப்பதால் அது காத்திருக்காமல் கடந்துவிடும்.

இதே சிக்கல் ஒட்டும்போதும் உண்டு. கன்ட்ரோல் வி அனுப்பிய அடுத்த வரியிலேயே பழைய கிளிப்போர்டைத் திரும்ப வைத்தால், மென்பொருள் ஒட்டப் போவதற்குள் உள்ளடக்கம் மாறியிருக்கும். ஸ்லீப் நியாயமாகத் தேவைப்படும் மிகச் சில இடங்களில் இது ஒன்று. ஒட்டி முடித்ததைச் சொல்லும் அறிகுறி எதுவும் நமக்குக் கிடைப்பதில்லை, எனவே 200, 300 மில்லிநொடி விட்டுவிட்டு மீட்டெடுங்கள்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த ஸ்கிரிப்டை அப்படியே போட்டால் முதல் வரியிலேயே பிழை என்கிறது. எழுதியவருக்கு ஓடுகிறதாம்.

அது பதிப்பு 1க்கு எழுதியது, உங்களிடம் இருப்பது பதிப்பு 2. ஆட்டோஹாட்கீ 2003இலிருந்து இருக்கிறது, 2.0 வந்தது 2022 டிசம்பரில்தான். அதனால் தேடினால் கிடைப்பதில் பழைய நடைதான் அதிகம். கண்டுபிடிப்பது சுலபம்: கட்டளைப் பெயருக்குப் பின் உடனே காற்புள்ளி இருந்தாலோ, மேற்கோள்குறி இல்லாமல் வாக்கியம் வந்தாலோ, மாறிகளைச் சதவீதக் குறிக்குள் அடைத்திருந்தாலோ அது பதிப்பு 1. இரண்டு பதிப்புகளையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் #ரெக்வயர்ஸ் வரி போட்டு எந்தப் பதிப்பு என்று எழுதிவிடுங்கள்.

மாற்றி எழுதும்போது சத்தமில்லாமல் காலை வாரும் விஷயங்கள் சில உண்டு. ஜன்னல் தலைப்பு ஒப்பீடு பதிப்பு 1இல் "இப்படித் தொடங்க வேண்டும்", பதிப்பு 2இல் "எங்காவது இருந்தால் போதும்". மவுஸ் ஆயங்கள் முன்பு ஜன்னலின் மூலையிலிருந்து, இப்போது தலைப்புப் பட்டையை விட்டு உள்பகுதியிலிருந்து. ஹாட்கீக்குள் (வேலையைத் தொடங்க நீங்கள் அழுத்தும் விசை) இருக்கும் வரிகள் பதிப்பு 2இல் ஒரு ஃபங்ஷன், அதனால் வெளியே இருக்கும் மாறியின் மதிப்பை உள்ளே மாற்ற வேண்டுமென்றால் குளோபல் என்று அறிவிக்க வேண்டும். "லோக்கல் மாறிக்கு மதிப்பு இல்லை" என்று பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

கேள்வி: சுருக்கெழுத்து அடித்தால் "தங்கள் கடிதம் கிடைத்தது" என்று வர ஹாட்ஸ்டிரிங் வைத்தேன். தமிழுக்குப் பதில் ஏதேதோ குப்பை எழுத்துகள் வருகின்றன.

நீங்கள் பதிப்பு 1 பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். அது யூடிஎஃப்-8 (யூனிகோட் எழுத்துகளைச் சேமிக்கும் முறை) கோப்பை, அந்த முறையைச் சொல்லும் பிஓஎம் குறி தொடக்கத்தில் இல்லாவிட்டால், கணினியின் பழைய குறியீட்டுப் பக்கமாக நினைத்துப் படிக்கும். விண்டோஸ் 10இன் 1903 வெளியீட்டிலிருந்து நோட்பேட் பிஓஎம் இல்லாமல்தான் சேமிக்கிறது. "சேவ் அஸ்" போய், பிஓஎம் உள்ள யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுத்துச் சேமித்து, ஸ்கிரிப்டை ரீலோட் செய்யுங்கள். பதிப்பு 2க்கு இந்தத் தொல்லை இல்லை.

சுருக்கெழுத்தை ஆங்கிலத்தில் வைத்து, விசைப்பலகையும் ஆங்கிலத்தில் இருக்கும்போதே அடியுங்கள். ஒலிபெயர்ப்பு முறையில் தட்டச்சு செய்யும்போது ஆட்டோஹாட்கீ பார்ப்பது நீங்கள் அழுத்திய ஆங்கில விசைகளை. திரையில் நிற்பது தமிழ் எழுத்துகள். மூன்று விசை அழுத்தியிருப்பீர்கள், திரையில் இரண்டு குறியீடுகள்தான் இருக்கும். ஹாட்ஸ்டிரிங் மூன்று முறை பேக்ஸ்பேஸ் அடித்து, முந்தைய சொல்லின் வாலையும் சேர்த்துத் தின்றுவிடும்.

ஸ்கிரிப்டுக்குள் இருந்து வாக்கியம் அனுப்பும்போது சென்ட்டுக்குப் பதில் சென்ட்டெக்ஸ்ட். சென்ட் சில குறிகளை, உதாரணமாக ஆச்சரியக்குறியை ஆல்ட் என்றும் கூட்டல் குறியை ஷிஃப்ட் என்றும் எடுத்துக்கொள்ளும். சென்ட்டெக்ஸ்ட் எழுத்தை எழுத்தாகவே அனுப்பும்.

கேள்வி: இதே வேலையை டிடிபியில் செய்கிறேன், பாமினி எழுத்துரு. தமிழ் அனுப்பினால் பாமினியில் வருவதே இல்லை.

வராது. பாமினி யூனிகோட் இல்லை, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்த எழுத்துரு. அதில் "தமிழ்" என்று தெரிவதன் அடியில் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளைத்தான் ஸ்கிரிப்டில் எழுத வேண்டும். நீளமான வாக்கியங்களை யூனிகோடிலிருந்து பாமினிக்கு மாற்றியில் ஒருமுறை மாற்றி ஒட்டிக்கொள்ளுங்கள். பாமினியில் நிறுத்தற்குறிகளும் எழுத்துகளாக இருப்பதால் இங்கே சென்ட்டெக்ஸ்ட் கட்டாயம்.

கேள்வி: ஸ்கிரிப்ட் ஓடிய பிறகு கன்ட்ரோல் விசை அழுத்தியபடியே இருப்பதுபோல் ஆகிவிடுகிறது.

உங்கள் ஹாட்கீயில் கன்ட்ரோல் இருக்கும், அதிலிருந்து விரலை எடுப்பதற்குள் ஸ்கிரிப்ட் அனுப்பத் தொடங்கியிருக்கும். ஹாட்கீயின் முதல் வரியாக கீவெயிட் கன்ட்ரோல் போடுங்கள், விரலை எடுத்த பிறகே மேலே போகும். இப்போதைக்கு விடுவிக்க, கன்ட்ரோலை ஒருமுறை தட்டினால் போதும்.

கேள்வி: எல்லா மென்பொருளிலும் வேலை செய்கிறது. ஒன்றில் மட்டும் ஹாட்கீயும் எடுபடவில்லை, விசையும் போகவில்லை.

அது நிர்வாகி உரிமையோடு ஓடுகிறது. விஸ்டா காலத்திலிருந்தே, சாதாரண உரிமையில் ஓடும் நிரல் உயர்ந்த உரிமையில் ஓடுவதற்கு விசை அனுப்ப விண்டோஸ் விடாது. ஸ்கிரிப்டையும் நிர்வாகியாக ஓட்டலாம், அல்லது வலது கிளிக் பட்டியலில் யூஐ ஆக்சஸ் (நிர்வாகி உரிமை இல்லாமலே அந்த ஜன்னலைத் தொட விடும் வழி) இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். இரண்டாவதைத்தான் பரிந்துரைப்பேன், ஸ்கிரிப்டுக்குத் தேவைக்கு மேல் அதிகாரம் கொடுக்க வேண்டாம்.

கேள்வி: வீட்டில் சரியாக கிளிக் செய்கிற ஸ்கிரிப்ட் அலுவலக லேப்டாப்பில் பட்டனுக்குப் பக்கத்தில் போய் அழுத்துகிறது. படம் தேடும் முறைக்கு மாற்றினேன், படமே கிடைக்கவில்லை என்கிறது.

லேப்டாப்பில் விண்டோஸ் அமைப்பில் திரை அளவு (ஸ்கேல்) 125 சதவீதத்தில் இருக்கும், பார்த்துச் சொல்லுங்கள். அளவு மாறினால் பட்டன் இடமும் மாறும், அதன் ஒவ்வொரு புள்ளியும் மாறும். 100 சதவீதத்தில் வெட்டிய படம் 125இல் பொருந்தவே பொருந்தாது. அந்தக் கணினியிலேயே புதிதாக, பிஎன்ஜி வடிவில் வெட்டுங்கள். ஜேபெக் நிறங்களைக் குழப்பிவிடும். சின்னச் சின்ன நிற வேறுபாட்டுக்கு நட்சத்திரக் குறியோடு 20, 30 என்று விலகல் அளவு கொடுக்கலாம்.

ஆனால் நான் படம் தேடுவதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன். முதலில் அந்தப் பட்டனுக்கு விசைப்பலகைக் குறுக்குவழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்டோஹாட்கீயோடு வரும் விண்டோ ஸ்பை கருவியைத் திறந்து பட்டன் மேல் மவுஸை வையுங்கள், கன்ட்ரோல் பெயர் காட்டினால் கன்ட்ரோல்கிளிக் போதும். பட்டன் எங்கே நகர்ந்தாலும் கவலையில்லை. பிரவுசருக்குள் இருக்கும் பட்டன்களுக்கு இப்படிப் பெயர் கிடைக்காது, அங்கே மட்டும் படத்துக்கோ ஆயத்துக்கோ போங்கள்.

கேள்வி: இரவு 2 மணிக்கு டாஸ்க் ஷெட்யூலரில் ஓட வைத்தேன். ஓடியதாகக் காட்டுகிறது, ஒன்றும் நடக்கவில்லை.

திரை பூட்டியிருந்தால் விசையும் கிளிக்கும் போய்ச்சேர இடமில்லை. "பயனர் உள்நுழையாவிட்டாலும் இயக்கு" என்று தேர்ந்தெடுத்திருந்தால் இன்னும் மோசம், அது திரையே இல்லாத தனி அமர்வில் ஓடும். ரிமோட் டெஸ்க்டாப் ஜன்னலைச் சுருக்கினாலும், இணைப்பைத் துண்டித்தாலும் இதே கதை. இரவு வேலையைத் திரை தேவைப்படாதபடி மாற்றுங்கள்: கோப்பு நகலெடுப்பது, பெயர் மாற்றுவது, பதிவிறக்குவது எல்லாம் பூட்டிய கணினியிலும் நடக்கும். திரை கட்டாயம் வேண்டுமென்றால் காலையில் நீங்கள் வந்த பிறகு ஓட்டுவதே சரி.

கேள்வி: தட்கல் டிக்கெட் படிவத்தை நொடியில் நிரப்ப ஸ்கிரிப்ட் எழுதித் தருவீர்களா?

மாட்டேன். அந்தத் தளத்தின் விதிகள் தானியங்கி மென்பொருளை அனுமதிப்பதில்லை. வரிசையில் காத்திருக்கும் மற்றவர்களுக்கும் அது அநியாயம்.

கேள்வி: லூப் ஓட ஆரம்பித்தால் நிறுத்த முடியவில்லை. அதே ஹாட்கீயை மறுபடி அழுத்தினாலும் கேட்கவில்லை.

ஒரு ஹாட்கீ ஓடிக்கொண்டிருக்கும்போது அதையே மறுபடி ஏற்காது, ஒரே நேரத்தில் ஒருமுறை மட்டும் என்பதுதான் இயல்பான வரம்பு. வரம்பைக் கூட்டுவதைவிட லூப்பையே எடுத்துவிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் வேலையைத் திரும்பச் செய்யும் செட்டைமர் வையுங்கள். ஹாட்கீக்குள், மதிப்பை மறக்காமல் வைத்திருக்கும் ஒரு ஸ்டாடிக் மாறி, அழுத்தும்போதெல்லாம் உண்மை, பொய் என்று மாறும். உண்மையானால் டைமர் 100, பொய்யானால் 0. பதிப்பு 2இல் 0 கொடுத்தால் டைமர் நின்றுவிடும்.

இது தவிர எந்த ஸ்கிரிப்டிலும் எஸ்கேப் விசைக்கு, ஸ்கிரிப்டை மூடும் எக்ஸிட்ஆப் என்று ஒரு வரி எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதத் தொடங்குவேன். எஸ்கேப் உங்களுக்கு வேறு வேலைக்குத் தேவையென்றால் பாஸ் (Pause) விசையை வையுங்கள்.

கேள்வி: நண்பருக்குக் கொடுக்க எக்ஸி கோப்பாக மாற்றினேன், ஆன்டிவைரஸ் அழித்துவிட்டது. உள்ளே வைரஸ் எதுவும் இல்லை, லாகின் கடவுச்சொல்தான் இருக்கிறது.

ஆட்டோஹாட்கீ எக்ஸிகளைச் சந்தேகப்படுவது ஆன்டிவைரஸ்களுக்கு வழக்கம், விசைகளைக் கவனிக்கிற நிரல் என்றாலே அவை உஷாராகிவிடும். நண்பர் கணினியில் ஆட்டோஹாட்கீ நிறுவச் சொல்லிவிட்டு மூல ஸ்கிரிப்டையே கொடுங்கள். என்ன செய்கிறது என்று அவரும் திறந்து படித்துக்கொள்ளலாம்.

கடவுச்சொல்லை உடனே எடுத்துவிடுங்கள். எக்ஸியாக மாற்றினால் ஸ்கிரிப்ட் மறைந்துவிடாது, எழுத்து வடிவிலேயே உள்ளே கிடக்கும், தெரிந்தவர் எடுத்துவிடுவார். ஓடும்போது இன்புட்பாக்ஸ் மூலம் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே யாருக்காவது அனுப்பியிருந்தால் கடவுச்சொல்லை இன்றே மாற்றிவிடுங்கள்.