கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பஃபி என்ற இளம்பெண் ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் 'பஃபி தி வாம்பயர் ஸ்லேயர்' தொலைக்காட்சித் தொடரின் ஏழு சீசன்களையும் மூன்று முறை பார்த்தவன் நான். கதை காமிக்ஸில் தொடர்கிறது என்று தாமதமாகத்தான் தெரிந்தது. எட்டாவது சீசனின் 40 இதழ்களையும் வாங்கி இரண்டே இரவுகளில் படித்தேன். மனம் விட்டுப்போனது. பஃபியின் தங்கை டான் ராட்சசியாக வளர்ந்து நிற்கிறாள். செத்துப்போன வில்லன் வாரன் உயிரோடு வருகிறான். முகமூடி வில்லன் பஃபியின் பழைய காதலன் ஏஞ்சல்தான் என்கிறார்கள். கடைசியில் பஃபியின் குரு ஜைல்ஸையும் கொன்றுவிட்டார்கள். ரசிகர்களுக்கு இதைவிடப் பெரிய துரோகம் உண்டா? இதையெல்லாம் உண்மையான கதை என்று ஏற்கத்தான் வேண்டுமா? ஒன்பதாவது சீசனைப் படிக்கலாமா? (என் பெயரை வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தத் 'துரோகம்' என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உங்களிடம் யாரும் சத்தியம் செய்து தரவில்லை. 2003 மே மாதம் 144 அத்தியாயங்களோடு தொடர் முடிந்தது. அதை உருவாக்கிய ஜாஸ் வீடனே நான்கு வருடம் கழித்து டார்க் ஹார்ஸ் பதிப்பகத்தோடு சேர்ந்து எட்டாவது சீசனைத் தொடங்கினார். முதல் கதையை அவரே எழுதினார். 2007 மார்ச் முதல் 2011 ஜனவரி வரை வந்த இதழ்கள் அவை. அன்றைய வாசகர்கள் நான்கு வருடம் காத்திருந்து படித்ததை நீங்கள் இரண்டு ராத்திரியில் விழுங்கியிருக்கிறீர்கள். அஜீரணத்தில் பாதி அதனால் வந்தது.

வாரன் விஷயம் ஒரு பிழை. ஏழாவது சீசனில் இறந்தவர்களின் உருவம் மட்டுமே எடுக்கக்கூடிய தீயசக்தி வாரனாக வந்ததை மறந்துவிட்டதாக வீடனே ஒப்புக்கொண்டார். அதோடு விட்டுவிடலாம். எது உண்மையான கதை என்ற கேள்விக்கு என்னிடம் நேரமில்லை. பிடித்தது உங்களோடு இருக்கும், பிடிக்காதது தானே போய்விடும்.

ஆனால் 'மனம் விட்டுப்போனது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்காகத்தான் இந்தப் பதில். சில மாதங்களாக நானும் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஜைல்ஸ் செத்ததாலா உங்களுக்கு மனம் விட்டுப்போனது? எனக்குத் தோன்றவில்லை. இந்தத் தொடரில் சாவு புதிதா என்ன? ஐந்தாவது சீசனில் பஃபியின் அம்மா ஜாய்ஸ் இறக்கிறாளே, அதைப் பார்த்துவிட்டும் நீங்கள் திரும்பத் திரும்ப இந்தத் தொடரிடம்தானே வந்தீர்கள்.

என் அம்மாவுக்கு எழுத்து தெரியாது. பம்பாயில் வேலை பார்த்த மாமாவிடமிருந்து மாதம் ஒரு இன்லேண்ட் லெட்டர் வரும். அடுப்படியில் உட்கார்ந்து நான்தான் படித்துக் காட்டுவேன். எனக்குப் பத்து வயதிருக்கும். மாமாவின் கடிதம் எப்போதும் ஒரே மாதிரி இருக்கும். செவலை கன்று போட்டதா, கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, வடக்குச் சுவர் இந்த மழைக்குத் தாங்குமா. நான் படிக்கப் படிக்க அம்மா கடிதத்துக்கே பதில் சொல்வாள், "இருக்குண்ணே, இடுப்பளவு இருக்கு" என்று.

ஒருமுறை நீண்ட கடிதம் வந்தது. மாமாவுக்கு சூப்பர்வைசர் பதவி கிடைத்திருந்தது. அவருக்குக் கீழே எத்தனை பேர், முதலாளி அவரை எந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போனார், கடல் ஓரத்தில் எத்தனை மாடிக் கட்டடம் என்று பக்கம் முழுக்க இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உரக்கப் படித்து முடித்தேன். அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "இது அண்ணன் எழுதினதா?" என்று கேட்டாள். அவர் கையெழுத்துதான் என்று காட்டினேன். "கிணத்தப் பத்திக் கேக்கலியே" என்றாள்.

எட்டாவது சீசனைப் படித்தபோது எனக்கு அந்த அடுப்படிதான் ஞாபகம் வந்தது. கையெழுத்து வீடனுடையதேதான். ஜார்ஜஸ் ஜாந்தி வரைந்த முகங்களிலும் பெரிய குறை இல்லை. முதல் சில இதழ்களில் பஃபியின் நண்பன் ஸாண்டரின் பேச்சு அதே குரலில் காதில் விழுந்தது. அப்புறம் எல்லாம் பெரிதாகிக்கொண்டே போகிறது. ஸ்காட்லாந்தில் கோட்டை, நூற்றுக்கணக்கான ஸ்லேயர்கள், திபெத், நீர்மூழ்கிக் கப்பல். பஃபியும் ஏஞ்சலும் வானத்தில் பறந்துகொண்டே கூடுகிறார்கள், அதிலிருந்து ஒரு புதிய பிரபஞ்சமே பிறக்கிறது. தொலைக்காட்சியில் பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தாள் கிடைத்ததும் கை நீண்டுவிட்டது. அதற்காக அவர்களைத் திட்ட மாட்டேன். ஆனால் நாற்பது இதழில் கிணற்றைப் பற்றி எத்தனை முறை கேட்டார்கள்?

நீங்கள் நேசித்த பஃபி யார்? ஆறாவது சீசனில் நிலவறையில் குழாய் வெடித்து வீடு வெள்ளமாகிறது, பழுது பார்க்கக் கையில் காசில்லை. உலகத்தைப் பலமுறை காப்பாற்றியவள் தங்கையை வளர்ப்பதற்காக பர்கர் கடையில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிறாள். அவள்தானே? ஜாய்ஸ் இறந்த அத்தியாயத்தில் பின்னணி இசையே கிடையாது. ஆயிரம் வருடம் பேயாக இருந்த அன்யா, சாவு என்றால் என்னவென்றே புரியாமல் அழுகிறாள். ஜாய்ஸ் இனி பழரசம் குடிக்க மாட்டாள், முட்டை சாப்பிட மாட்டாள், தலை வார மாட்டாள் என்கிறாள். ஒரு சாவை அளக்க இந்தத் தொடருக்குக் கிடைத்த படி அது. பழரசம், முட்டை, சீப்பு. ஜைல்ஸுக்கு 39ஆம் இதழில் கிடைத்தது என்ன? ஒரு கழுத்து முறிவு. உடனே சண்டை தொடர்கிறது. அவர் இனி என்னென்ன செய்ய மாட்டார் என்று அழுவதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைக்க மாட்டாரே! அதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா?

இதைக் காமிக்ஸின் குறை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், எனக்குக் கெட்ட கோபம் வரும். காமிக்ஸில் ஒரு வெற்று நாற்காலியை ஒரு பக்கம் முழுக்க வரையலாம், பக்கத்தைத் திருப்ப விடாமல் நம்மை அங்கேயே உட்கார வைக்கலாம். அவர்களாலேயே முடிந்திருக்கிறது. 40ஆம் இதழை மறுபடி எடுங்கள். ஜைல்ஸ் தன் உடைமைகளை ஃபெய்த் என்ற இன்னொரு ஸ்லேயருக்கு எழுதி வைத்திருக்கிறார். பஃபிக்கு வந்து சேர்வது ஒரு பழைய புத்தகம், முதல் அத்தியாயத்தில் பள்ளி நூலகத்து மேசையில் அவள் முன்னால் அவர் தூக்கிவைத்த அதே புத்தகம். அந்த இடத்தில் ஜைல்ஸின் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது. இரண்டு ராத்திரிப் படிப்பில் அதைத் தாண்டி ஓடியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

அதே இதழில் பஃபி சான்பிரான்சிஸ்கோவில் காபிக் கடை வேலையில் இருக்கிறாள், தங்கை வீட்டு சோபாவில் படுத்துக்கொள்கிறாள். இனி அன்றாட வாழ்க்கைக்குத் திரும்புவோம் என்று வாசகர்களிடம் வீடனும் எழுதினார். ஒன்பதாவது சீசன் அங்கிருந்து தொடங்குகிறது, 25 இதழ்கள். படியுங்கள். மாதம் ஒன்று, அதற்கு மேல் வேண்டாம்.

அம்மா அன்றைக்கே பதில் எழுதச் சொன்னாள். பதவியைப் பற்றி ஒரு வரி, சந்தோஷம் என்று. மற்றதெல்லாம் வீட்டு விஷயம்தான். வடக்குச் சுவரில் விரிசல், செவலைக்குக் கிடேரிக் கன்று, கிணற்றில் தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. அடுத்த மாதக் கடிதம் ஒரு பக்கம்கூட இல்லை. நான் பிரித்துப் படிக்க ஆரம்பித்ததும் அம்மா ஊதுகுழலைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப இடுப்பளவு ஏறிருச்சுண்ணே" என்றாள்.

அன்புடன்.