தோட்டத்துக் கோயிலுக்கு உயிலில் எழுதலாமா?

கேள்வி: எனக்கு 70 வயது, கணவர் இல்லை. சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளைக் கரை சேர்த்தேன். வீடு அவர்களுக்கு. வங்கியில் இருப்பதில் 10,000 ரிங்கிட்டைத் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கும் நான் படித்த தமிழ்ப்பள்ளிக்கும் கொடுக்க ஆசை. கோயில் தலைவரிடம் சொல்லி வைத்தால் போதுமா?

பதில்: போதாது அம்மா. மலேசியாவின் 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி உயில் எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க, நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். உயில் இல்லாவிட்டால் எல்லாம் பங்கீட்டுச் சட்டப்படி வாரிசுகளுக்குத்தான்; கோயிலுக்கு ஒரு காசு போகாது.

யார் பெயருக்கு எழுதுகிறீர்கள் என்பதில்தான் சிக்கலே. தலைவர் பெயரைப் போட்டால் பணம் அவருடையதாகிவிடும். அவரே சாட்சிக் கையெழுத்தும் போட்டாரோ, உயில் நிற்கும், அவருக்கு எழுதியது செல்லாது. சாட்சியின் மனைவிக்கு எழுதினாலும் இதே கதி. கோயில் சங்கமாகப் பதிவாகியிருந்தால் பதிவுச் சான்றிதழில் உள்ள பெயரையும் எண்ணையும் பார்த்து எழுதுங்கள். பள்ளிக்கு என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கமா, பள்ளி வாரியமா என்று கேட்டுத் தெளிவாகப் போடுங்கள்.

அப்புறம், தோட்டத்துக் கோயில் பல இடங்களில் கம்பெனி நிலத்தில்தான் நிற்கிறது. நிலம் கைமாறி வீடமைப்பு வந்தால் கோயிலும் நகரும், பள்ளியும் நகரும். நீங்கள் கண்மூடும்போது அந்தக் கோயிலே இல்லையென்றால், அந்தப் பணம் பெரும்பாலும் மீதிச் சொத்தோடு சேர்ந்து பிள்ளைகளுக்கே போய்விடும். ஆகவே ஒரு வரி சேருங்கள்: "கோயில் இடம் மாறினாலும் அதே சங்கத்துக்கு, சங்கமே இல்லாவிட்டால், உயிலை நிறைவேற்றுபவர் தேர்ந்தெடுக்கும் ஏழைத் தமிழ் மாணவர் கல்வி நிதிக்கு." லாயர் இதைச் சட்ட மொழியில் மாற்றிக்கொள்வார்.

தொகையைவிடப் பங்காக எழுதுவதே எனக்குப் பிடிக்கும். மருத்துவமனைச் செலவில் சேமிப்பு கரைந்தால், 10,000 முதலில் போய் மிச்சம்தான் பிள்ளைகளுக்கு வரும், மனத்தாங்கலும் கூடவே வரும். "வங்கிப் பணத்தில் பத்தில் ஒரு பங்கு" என்றால் பணம் ஏறினாலும் இறங்கினாலும் எல்லாருக்கும் ஒரே விகிதத்தில்தான்.

ஊழியர் சேமநிதியில் பணம் இருந்து, அங்கே வாரிசை நியமித்திருந்தால், அது உயிலுக்குள் வராது, அந்த வாரிசுக்கே நேராகப் போகும். மரண வரி பற்றிக் கவலை வேண்டாம், 1991லேயே எடுத்துவிட்டார்கள்.

அசல் உயில் எங்கே இருக்கிறது என்று மூத்த பிள்ளையிடமாவது சொல்லி வையுங்கள். கோயிலுக்கு எழுதியிருப்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள்.