பதில் சொல்ல வேண்டியவள் உங்கள் மகள்

கேள்வி: என் மகளுக்கு 9 வயது. குறைமாதத்தில் பிறந்தவள். பெருமூளை வாதத்தால் (செரிப்ரல் பால்சி) இரண்டு காலும் இறுக்கம். காலைத் தாங்கிப் பிடிக்கும் ஸ்பிளின்ட் போட்டுக்கொண்டு வாக்கர் பிடித்து நடப்பாள். படிப்பில் கெட்டி. வெளியே போனால் எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள், உச்சுக்கொட்டுகிறார்கள், "பிறவியிலேயேவா?" என்கிறார்கள். ஸ்பிளின்ட் தெரியாமல் இருக்கத் தரைவரை பாவாடை கட்டிவிடுகிறேன். கூட்டமான இடத்தில் தூக்கிக்கொண்டு வேகமாகக் கடந்துவிடுகிறேன். அடுத்த மாதம் நாத்தனார் மகளுக்குக் கல்யாணம். "குழந்தையை வீட்லயே விட்டுட்டு வா, வர்றவங்க எல்லாம் கேப்பாங்க" என்கிறார் மாமியார். கேட்பவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கும்பகோணம்

பதில்: கல்யாணத்துக்குக் கூட்டிப் போங்கள். அதில் இரண்டாம் பேச்சு வேண்டாம்.

நீங்கள் என்ன பதில் சொல்வது என்று கேட்கிறீர்கள். ஒன்பது வயதுப் பெண், நன்றாகப் பேசுகிறவள், பக்கத்தில் நிற்கிறாள். அவள் காலைப் பற்றி உங்களிடம் கேட்கிறார்கள், நீங்களும் அவள் தலைக்கு மேலேயே பதில் சொல்லி முடித்துவிடுகிறீர்கள். தன் காலைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு வாக்கியம்கூட அவளிடம் இல்லை. முதலில் அவளுக்கு அதைக் கொடுங்கள்.

அதற்கு முன்னால் பாவாடை. பெருமூளை வாதத்தில் கால் இறுகிய பிள்ளைகளுக்கு நடக்கும்போது கால்விரல் பக்கம் முழுதாகத் தரையை விட்டு எழும்பாது, உரசிக்கொண்டே வரும். தரைவரை பாவாடையின் விளிம்பு ஷூ முனைக்கு அடியில் போய்விடும். இரண்டு கையும் வாக்கரில் இருப்பதால், தடுக்கினால் ஊன்றிக்கொள்ளக் கை இருக்காது. முகம்தான் முதலில் தரையில் படும். விளிம்பைக் கணுக்காலுக்கு நான்கு விரல் மேலே ஏற்றித் தையுங்கள், இல்லையென்றால் லெக்கின்ஸ் போடுங்கள். ஸ்பிளின்ட் தெரியும். தெரியட்டும். மறைக்கும் ஒவ்வொரு முறையும், அது மறைக்க வேண்டிய பொருள் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். அந்நியர் பார்வையைவிட அம்மாவின் கை அவசரமாகப் பாவாடையை இழுத்துவிடுவதுதான் மனதில் ஆழமாகப் பதியும்.

தூக்கிக்கொண்டு ஓடுவதையும் நிறுத்துங்கள். உங்கள் முதுகு போவது ஒரு பக்கம். இடுப்பில் இருக்கும் ஒன்பது வயதுப் பெண்ணை ஊர் கைக்குழந்தையாகத்தான் பார்க்கும், கைக்குழந்தையிடம் யாரும் பேச மாட்டார்கள். "சீக்கிரம் நட" என்று முடுக்குவதும் கூடாது. பதற்றம் வந்தால் இந்தப் பிள்ளைகளுக்குத் தசை இறுக்கம் கூடும். நாலு பேர் பார்க்கிறார்கள் என்றதும் இரண்டு முழங்காலும் ஒன்றோடொன்று ஒட்டும், குதிகால் தரையை விடும், அடி குறுகும், நடை இன்னும் கோணலாகும். அதைப் பார்த்து மேலும் நாலு பேர் திரும்புவார்கள். அந்த நேரத்தில் நிற்க வைத்துவிடுங்கள். வாக்கரைப் பிடித்தபடி இரண்டு குதிகாலும் பதிய நிற்கட்டும், நிதானமாக மூச்சு விடட்டும், பிறகு கிளம்பலாம். நாற்காலி கிடைத்தால் பாதம் தரையில் படும்படி இரண்டு நிமிடம் உட்காரட்டும்.

இனி பார்ப்பவர்கள். எல்லாப் பார்வையும் ஒன்றல்ல என்பதை அவளுக்குப் பிரித்துக் காட்டுங்கள். பழக்கமில்லாத ஒன்றைக் கண்டால் கண் தானாக அங்கே போகும். அந்த முதல் ஓரிரு விநாடிப் பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பொது இடத்தில் அந்நியரை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கண்ணை விலக்கிக்கொள்வது எழுதப்படாத நாகரிகம் என்று சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1963-இல் எழுதினார். ஊனம் கண்ணில் படும்போது சிலருக்கு அந்த விலக்கம் மறந்துவிடுகிறது. நினைவுபடுத்தினால் பெரும்பாலோர் விலக்கிக்கொள்வார்கள். நினைவுபடுத்தும் முறை எளிது: அவள் அவர்கள் கண்ணைப் பார்த்து, லேசாகத் தலையசைத்துச் சிரிக்க வேண்டும். பலர் பதிலுக்குச் சிரிப்பார்கள் அல்லது திரும்பிக்கொள்வார்கள் என்று எதிர்பார்க்கலாம். அதற்குப் பிறகும் பார்த்துக்கொண்டே இருப்பவரிடம், "என்னங்க, ஏதாவது கேக்கணுமா?" சாதாரணக் குரலில், ஒரே ஒரு முறை. முறைப்பாகக் கேட்டால் சண்டையாகும், முணுமுணுத்தால் காதில் விழாது.

கேள்வி கேட்பவர்களுக்குத்தான் வாக்கியம் தயாராக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஜேம்ஸ் பாட்ரிட்ஜ் என்பவர், 18 வயதில் வாகன விபத்தில் முகம் வெந்தவர், 1992-இல் 'சேஞ்சிங் ஃபேசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். முகத்தில் தழும்பு உள்ளவர்களுக்காக அவர்கள் கற்றுக்கொடுக்கும் முறை காலுக்கும் அப்படியே பொருந்தும்: விளக்கு, பயத்தைப் போக்கு, பேச்சை மாற்று. மூன்றும் சேர்ந்து பத்து விநாடிக்குள் முடிந்துவிட வேண்டும். உங்கள் மகளுக்கு இப்படி இருக்கலாம்: "எனக்குக் கால் தசை இறுக்கமா இருக்கும். இது யாருக்கும் ஒட்டாது. நீ எந்த ஸ்கூல்?" பெரியவர்களுக்குக் கடைசித் துண்டை மட்டும் மாற்றினால் போதும்: "நீங்க பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" இந்த மூன்றாவது துண்டுதான் உயிர்நாடி. அது இல்லாவிட்டால், "பிரசவத்துல என்ன ஆச்சு, எந்த டாக்டர் பாத்தாரு, கேரளாவுல எண்ணெய் வைத்தியம் பாத்தீங்களா" என்று கேள்வி நீண்டுகொண்டே போகும்.

வார்த்தைகள் அவளுடையதாக இருக்கட்டும். நாங்கள் எழுதியதை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். "யாராவது கேட்டா என்ன சொல்லலாம்னு நினைக்கிற?" என்று கேட்டு, அவள் சொல்வதைச் சுருக்கிக் கொடுங்கள். கூடவே இன்னொரு வாக்கியமும் வேண்டும்: "அதப் பத்திப் பேச எனக்கு இஷ்டமில்ல." விளக்கம் சொல்வது அவள் கடமை அல்ல, சில நாள் அலுப்பாக இருக்கும், சில நாள் கேட்டவரைப் பிடிக்காது. கல்யாணம் வரைக்கும் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் அப்பா அந்நியராக நடிக்கட்டும். ஒரு நாள் உச்சுக்கொட்டும் பாட்டி, ஒரு நாள் கை நீட்டிக் காட்டும் சின்னப் பையன், ஒரு நாள் வைத்தியம் சொல்லும் மாமா. அவளும் அந்நியராக நடித்து உங்களிடம் கேட்கட்டும். ஊரில் கேட்டதை எல்லாம் அப்படியே திருப்பிச் சொல்வாள். இத்தனை நாள் அவள் காதில் எவையெல்லாம் விழுந்திருக்கின்றன என்று உங்களுக்கு அப்போது தெரியும்.

வெளியே போகும்போது ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்கள் விரலை ஒரு முறை அழுத்தினால், "நானே பேசிக்கிறேன்." இரண்டு முறை அழுத்தினால், "நீ பேசும்மா." ஒருமுறைதான் அழுத்தினாள் என்றால் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். உங்களுக்கு அதுதான் மிகக் கடினமாக இருக்கும்.

மண்டபத்தில் சில ஏற்பாடுகள். முகூர்த்த நேர நெரிசலில் போய் இறங்காமல் அரை மணி முன்னதாகப் போய் உட்கார்ந்துவிடுங்கள். வருகிறவர்கள் அவளை உட்கார்ந்தபடி, பேசிக்கொண்டிருக்கிறவளாகப் பார்ப்பார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழவழப்பான தரையில் பின்னால் நகரும், எழும்போது விழ வைக்கும். இரும்பு நாற்காலி ஒன்றை வரிசை ஓரத்தில் போட்டு வைக்க நாத்தனாரிடம் இப்போதே சொல்லுங்கள். பந்தியில் வரிசைக் கடைசி இடம், வாக்கரை மடித்துச் சாய்க்கச் சுவர் பக்கம். பாதம் தொங்கினால் இறுக்கம் கூடி உடம்பு ஆடும், சாதம் சிந்தும், எதிர் வரிசை பார்க்கும். காலடியில் ஒரு சின்ன ஸ்டூலோ பலகையோ போடுங்கள். ஸ்பூன் வீட்டிலிருந்தே கொண்டு போங்கள்.

நான்கு விஷயங்களில் மட்டும் அவளை முந்திக்கொண்டு நீங்கள் பேசலாம். யாராவது அவள் கையில் காசைத் திணித்தால் உடனே அவர் கையிலேயே திருப்பிக் கொடுங்கள்: "வேண்டாங்க, கோயில் உண்டியல்ல போட்டுடுங்க." அனுமதி இல்லாமல் காலைத் தொட்டால், "தொடாதீங்க" என்று நிறுத்துங்கள். "போன ஜென்மத்துப் பாவம்" என்று அவள் காதுபட ஆரம்பித்தால், "அவ முன்னாடி இப்படிப் பேசாதீங்க" என்று நிறுத்துங்கள். யாராவது போனில் வீடியோ எடுத்தால், உங்கள் கண்ணெதிரே அழிக்கச் சொல்லுங்கள். கேலரியில் அழித்தாலும் படம் போனின் குப்பைத் தொட்டியில் பல நாள் கிடக்கும். அங்கேயும் போய் அழிக்கச் சொல்லுங்கள்.

வெறும் பார்வைக்குச் சட்டம் இல்லை. பொது இடத்தில், இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதித்தால் உண்டு. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 92-ஆம் பிரிவு அதற்கு 6 மாதத்துக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. கேலி செய்து வீடியோ போட்டால் காவல் நிலையத்தில் இந்தப் பிரிவைச் சொல்லியே புகார் எழுதிக் கொடுங்கள்.

மாமியாரிடம் நீங்கள் வாதாட வேண்டாம், உங்கள் கணவர் பேசட்டும். மாமியார் குழந்தையை வெறுப்பவராக உங்கள் கடிதத்தில் தெரியவில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று தெரியாமல் கூசுகிறார், உங்களைப் போலவே. அவருக்கும் ஒரு வாக்கியம் கொடுங்கள்: "என் பேத்தி. நாலாவது படிக்கிறா, கெட்டிக்காரி. போய்ப் பேசிப் பாருங்க." கேட்டவர் கேள்வியோடு குழந்தையிடமே போய்விடுவார், பாட்டிக்கும் பாரம் குறையும்.

இவ்வளவுக்குப் பிறகும் அவள் வாரக்கணக்கில் வெளியே வர மறுத்தாலோ, பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்றாலோ, சரியாகச் சாப்பிடாமல் தூங்காமல் இருந்தாலோ, அதைப் பிடிவாதம் என்று விடாதீர்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையம் உண்டு. 18 வயது வரை பார்ப்பார்கள், கட்டணம் இல்லை. பிசியோதெரபிக்கு மட்டும் போகிறவர்கள் பலர். உளவியலாளரிடமும் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

கல்யாணத்துக்கு என்ன உடை என்பதை இந்த வாரமே அவளிடம் கேட்டுவிடுங்கள். தைக்கக் கொடுக்க நாள் வேண்டும்.