ஒத்த சாக்ஸுக்கு வரன் பாக்குற வீட்ல சிரிப்பு இல்லையாம்!

கேள்வி: கல்யாணமாகி 14 வருஷம் ஆச்சு மேடம். ரெண்டு பசங்க, நானும் அவரும் வேலைக்குப் போறோம். பெரிய சண்டை எதுவும் இல்ல, ஆனா வீட்ல சிரிப்பே இல்ல. பில் கட்டியாச்சா, சார்ஜர் எங்க, இதுக்கு மேல பேச்சே கிடையாது. அவருக்கு ஹியூமர் சென்ஸ் சுத்தமா இல்ல. ஞாயித்துக்கிழமை ராத்திரி துணி மடிக்கும்போது மட்டும் பசங்களோட உக்காந்து, ஜோடி தொலைஞ்ச சாக்ஸுக்கு வரன் பாக்குறேன்னு ஏதோ உளறிட்டு இருப்பாரு. நான் உள்ள போனா நிறுத்திடுவாங்க, அதுவும் நல்லதுதான், வேலை சீக்கிரம் முடியும். நாங்க ரெண்டு பேரும் மனசு விட்டு சிரிக்க என்ன பண்ணலாம்? சேர்ந்து பாக்குற மாதிரி நல்ல காமெடி ஏதாவது இருந்தா சொல்லுங்களேன்.

பதில்: காமெடி லிஸ்ட் என்கிட்ட கிடையாதும்மா, இருந்தாலும் தர மாட்டேன். இதே லெட்டர் எனக்கு வேற வேற கையெழுத்துல வந்துட்டேதான் இருக்கு, அதே பில்லு அதே சார்ஜர், அதனால அதையெல்லாம் வேகமா தாண்டிட்டேன். ஆனா போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்க பாருங்க, அங்க கால் தடுக்கி நின்னுட்டேன். "நான் உள்ள போனா நிறுத்திடுவாங்க."

ஒருத்தர் இல்ல, மூணு பேரு. ஹியூமர் சென்ஸே இல்லாத அந்த மனுஷன் ஒத்த சாக்ஸ தூக்கிப் புடிச்சு, "பொண்ணு கொஞ்சம் சாயம் போனவதான், குதிகால்ல சின்னதா ஒரு ஓட்டை, ஆனா குணத்துல தங்கம்"னு (நீங்க இத எழுதல, நானா நெனச்சுக்கிறேன், ஆனா இப்படித்தான் ஏதாவது இருக்கும்) ஜாதகம் படிச்சிட்டு இருக்காரு, சின்னது வயித்தப் புடிச்சிட்டு உருளுது, அப்போ கதவுகிட்ட உங்க காலடி சத்தம். கப்சிப். சாக்ஸ் கீழ போயிடுது, மூணு பேரும் தலைய குனிஞ்சு மளமளன்னு மடிக்கிறாங்க, ஆபீசர் இன்ஸ்பெக்‌ஷன் வந்த மாதிரி. இதப் பாத்துட்டு "அதுவும் நல்லதுதான்"னு எழுத உங்களுக்கு எப்படிம்மா மனசு வந்துச்சு? சரி, வேலை சீக்கிரம் முடிஞ்சுதே, மிச்சமான அந்த பத்து நிமிஷத்த என்ன பண்ணீங்க? இன்னொரு வேலை செஞ்சிருப்பீங்க, வேற என்ன.

சிரிப்பு உங்க வீட்ல நல்லாத்தான் இருக்கு, உங்க தலையக் கண்டா ஒளிஞ்சுக்குது, அவ்ளோதான்.

ராபர்ட் புரொவைன்னு அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தாரு, ஜனங்க எதுக்குத்தான் சிரிக்கிறாங்கன்னு பொது இடத்துல ஒட்டுக்கேட்டு 1,200 சிரிப்ப குறிச்சு வெச்சாரு. அதுல ஜோக்கு மாதிரி ஏதோ ஒண்ணு கேட்டு வந்தது நூத்துக்கு 10, மிஞ்சிப் போனா 20. மத்ததெல்லாம் "சரி, அப்புறம் பாக்கலாம்"ங்கற மாதிரி சப்பைப் பேச்சுக்கு வந்த சிரிப்பு. தனியா இருக்கும்போது சிரிக்கிறதவிட ஆளோட இருக்கும்போது 30 மடங்கு அதிகமா சிரிக்கிறோம்னும் சொன்னாரு. அதனால டிவில நல்ல காமெடி போட்டுட்டு ஆளுக்கொரு மூலைல உக்காந்தா ஒண்ணும் நடக்காது, அந்தத் துணிக் குவியல் பக்கத்துல நீங்க உக்காரணும்.

திருக்குறள்ல 132வது அதிகாரம் புலவி நுணுக்கம், புருஷன் பொண்டாட்டியோட செல்லச் சண்டை பத்தினது, எடுத்துப் படிங்க, பரீட்சைக்கு படிச்ச மாதிரி படிக்காம. அவரு தும்முறாரு, இவ வாழ்த்துறா, வாழ்த்தின வாய் மூடல, "யாரு நெனச்சு இந்தத் தும்மல்"னு அழ ஆரம்பிச்சிடுறா. அடுத்த குறள்ல எதுக்கு வம்புன்னு தும்மல அடக்கிக்கிறாரு. அதுக்கும் அழுறா, "உங்காளுங்க நெனைக்கிறத என்கிட்ட மறைக்கிறீங்களா"ன்னு! பாவம் அந்த மனுஷன். ஆனா ஒண்ணு கவனிங்க, புருஷன் ஒரு தும்மல அடக்கினத அவ கண்டுபுடிச்சு சண்டைக்கு வர்றா. உங்க வீட்டுக்காரர் வாரா வாரம் உங்க முன்னாடி சிரிப்ப அடக்கிட்டு இருக்காரு, நீங்க வேலை முடிஞ்சுதுன்னு சந்தோஷப்படுறீங்க.

நீங்க ஏன் இப்படி ஆனீங்கன்னு எனக்குத் தெரியாம இல்ல. மறுநாள் காலைல யாருக்கு எத்தன மணிக்கு என்ன வேணும்ங்கறது அந்த வீட்ல ஒரே ஒரு தலைக்குள்ளதான் ஓடுது, அது உங்க தலை. அவரு விளையாட்டு அப்பா, நீங்க போலீஸ் அம்மா. இந்தப் பங்கு எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. இத அவரும் படிப்பாருன்னா அவருக்கும் சொல்றேன், ஐயா, அவங்க வந்தா நிறுத்துறது மரியாதைன்னு நெனச்சுக்காதீங்க, கட்டினவள வெளிய நிக்க வெக்கிறீங்க, கவலையில பாதிய நீங்க தூக்கியிருந்தா அவங்களே வந்து உக்காந்திருப்பாங்க. இது அவரு பாடு. அதுக்காக உங்கள விட்டுட மாட்டேன். குடும்பத்துல கடமைன்னா துணி மடிஞ்சு அலமாரிக்குள்ள போறது மட்டும்னு நான் ஒத்துக்க மாட்டேன், அம்மாவுக்குத் தெரியாமதான் சிரிக்கணும்னு ரெண்டு பசங்க உங்க வீட்ல கத்துக்கிட்டு இருக்காங்க, எனக்கு அதான் உறுத்துது.

நானும் யோக்கியம் இல்ல. எங்க வீட்டுக்காரர் ஒரே ஜோக்க எத்தனையோ வருஷமா எல்லார்கிட்டயும் சொல்லுவாரு, அவரு இழுத்து இழுத்து கடைசிக்கு வர்றதுக்குள்ள நான் குறுக்க பூந்து முடிவ போட்டு உடைச்சிடுவேன். ஒரு கட்டத்துல சொல்றதயே விட்டுட்டாரு. விட்டுட்டாருன்னு எனக்கு உறைக்கவே ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. அப்புறம் நானாதான் கேட்டேன், அந்தக் கதைய சொல்லுங்களேன்னு. மறந்துடுச்சுன்னாரு. பொய்யி.

வர்ற ஞாயித்துக்கிழமை உள்ள போங்க. "என்ன சிரிப்பு?"ன்னு கேக்காதீங்க, உங்க குரல்ல அது விசாரணை மாதிரிதான் கேக்கும். மணி என்னன்னு சொல்லாதீங்க. தரையில உக்காந்து, கையில கெடச்ச ஒத்த சாக்ஸ எடுத்து, "இது எங்க வீட்டுப் பையன், பொண்ணு வீட்ல என்ன எதிர்பாக்குறீங்க?"ன்னு கேளுங்க. மொத வாரம் மூணு பேரும் உங்களையே பாத்து முழிப்பாங்க. முழிக்கட்டும். சாக்ஸ மட்டும் கீழ வெச்சிடாதீங்க.