குத்து தாங்கும் தாடை எப்படி வருகிறது?

கேள்வி: குத்துச்சண்டையில் ஒருவர் சுற்றுக்குச் சுற்று அடி வாங்கியும் நிற்கிறார், இன்னொருவர் ஒரே குத்தில் சாய்கிறார். தாடை எலும்பின் பலமா? பயிற்சியால் வருமா?

பதில்: எலும்பைவிடக் கழுத்தும் கண்ணும்தான் முக்கியம். மூளை மண்டையோட்டுக்குள் திரவத்தில் மிதக்கிறது. முகவாய் நுனியில் பக்கவாட்டாகக் குத்து விழுந்தால் தலை வெடுக்கென்று திரும்பும். மூளை ஒரு கணம் பின்தங்கும். உள்ளே நரம்பிழைகள் முறுக்கி இழுபட, கால் துவண்டுவிடும். நெற்றியில் விழுந்தால் தாங்கக்கூடிய அதே குத்து முகவாயில் ஆளைச் சாய்ப்பது இதனால்தான்: நெம்புகோலின் நுனியைத் தட்டுவது போல அது.

ஆகவே தலையைத் திரும்ப விடாதவரே தாங்குகிறார். முகவாயை மார்பை நோக்கி இறக்குங்கள், பல்லைக் கடியுங்கள். வாய் பிளந்திருக்கும்போது குத்து விழுந்தால் தாடை முறியலாம். வருவதைப் பார்த்துவிட்டால் கழுத்து தானே இறுகிவிடும். ஆளை வீழ்த்துவது பெரும்பாலும் பார்க்காத குத்துதான். புதியவர்கள் குத்து நெருங்கும்போது கண்ணை மூடிக்கொள்வார்கள். முதலில் திருத்த வேண்டியது அதைத்தான். அடுத்தது, குத்து போகும் திசையிலேயே தலையைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கப் பழகுவது.

கழுத்துக்கு வாரம் 3 நாள் போதும். உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தள்ளுங்கள். தலை அசையக் கூடாது. 10 விநாடி, 3 முறை. பின்னந்தலை, இரு பக்கங்களுக்கும் அப்படியே. வலித்தால் நிறுத்துங்கள்.

உடல்வாகுக்கும் பங்கு உண்டு. கனடாவின் ஜார்ஜ் சுவாலோ 93 தொழில்முறைப் போட்டிகளில் ஒருமுறைகூடத் தரையில் விழவில்லை. ஆனால் அடி வாங்கி வாங்கித் தலை உறுதிப்படும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒருமுறை மயங்கி விழுந்தவர் ஆறுவதற்குள் மறுபடி அடி வாங்கினால், லேசான குத்துக்கும் பெரிய சேதம் வரும். மருத்துவர் அனுமதிக்கும்வரை ஸ்பாரிங் (எதிராளியோடு பயிற்சி மோதல்) கூடாது. எடை குறைக்கத் தண்ணீரை நிறுத்திவிட்டு வளையத்தில் ஏறுவதும் ஆபத்தே.

கேள்வி: தலைக்கவசம் போட்டால் போதாதா?

பதில்: அது வெட்டுக்காயத்தைத் தடுக்கும், தலை திரும்புவதைத் தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் அது இல்லாமலேயே மோதினார்கள். பல் காப்பும் பல்லுக்கும் தாடைக்கும்தான்.

கேள்வி: வயிற்றுக் குத்துக்கு?

பதில்: வலது விலாவின் கீழே கல்லீரல் இருக்கிறது. அங்கே பட்டால் நினைவு தெளிவாக இருந்தும் எழ முடியாது. வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வையுங்கள். குத்து படும் நொடியில் வயிற்றை இறுக்கி, ‘ஷ்’ என்று மூச்சை விடுங்கள். மூச்சை இழுக்கும்போது வாங்கும் குத்துதான் ஆளை மடக்கும்.